ஊதா வளையம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சிறுநீர்க் குழாய் போட்ட பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது, இத்தனை மருந்து கொடுத்தும் கிருமி ஏன் போகமாட்டேன் என்கிறது என்று கேட்டிருந்தாய்.

நாலு நாள் கழுவாத தண்ணீர்க் குடத்துக்குள் விரலை விட்டுப் பார், வழவழவென்று இருக்கும். குழாய்க்குள்ளும் அதே கதைதான். பாக்டீரியாக்கள் சுவரில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் பசைக்குள் குடித்தனம் நடத்துகின்றன. இந்தக் கிருமிப் படலம்தான் பயோஃபிலிம். மிதந்து திரியும் கிருமியைக் கொல்லும் மருந்து இவற்றுக்குப் பத்தாது. சில சமயம் 1000 மடங்கு வேண்டியிருக்கும். டாக்டர் குழாயை மாற்றச் சொன்னால் தயங்காதே.

நானும் ஆய்வகத்தில் இந்தப் படலத்தோடுதான் மாரடிக்கிறேன். கிருமியைக் கொல்ல வேண்டாம், ஒட்டவிடாமல் செய்தால் போதும் என்பது எங்கள் கணக்கு. கொல்லாவிட்டால், மருந்துக்கு மசியாத வகை தலையெடுப்பதும் குறையும் என்ற நப்பாசை.

இதற்கு வழிகாட்டியது ஆஸ்திரேலியக் கடலில் வளரும் டெலிசியா புல்க்ரா என்ற சிவப்புப் பாசி. அது சுரக்கும் ஃபுரனோன்கள் சின்னஞ்சிறு மூலக்கூறுகள். பாக்டீரியாக்கள் கூட்டம் சேர்ந்துவிட்டதா என்று தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ரசாயனச் சேதியை அவை குழப்பிவிடும். 2003இல் இதே சாயலில் செய்த ஒரு செயற்கை மூலக்கூறு, எலியின் நுரையீரலில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் கொட்டத்தை அடக்கியது. ஆனால் மனிதருக்குக் கொடுக்க முடியாத அளவு நச்சு. அங்கேயே வண்டி நின்றுவிட்டது.

எங்கள் கூத்தையும் கேள். 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் எங்கள் மருந்தோடு கிருமியை வளர்த்து, கொட்டிக் கழுவி, கிரிஸ்டல் வயலட் ஊற்றுவோம். சின்ன வயதில் வாய்ப்புண்ணுக்குத் தடவுவார்களே, அந்த ஊதா மருந்துதான். படலம் இருந்தால் குழிச் சுவரில் ஊதா வளையம் நிற்கும். போன மாதம் ஒரு வரிசை முழுக்க வளையமே இல்லை. பையன்களுக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான், கழுவுவதற்கு முன் எடுத்த கலங்கல் அளவைப் பார்த்தேன். கிருமி பெருகினால் குழி கலங்கியிருக்க வேண்டும். கிருமி வளரவே இல்லை! எங்கள் மருந்து ஒட்டுவதைத் தடுக்கவில்லை, ஆளையே கொன்றிருக்கிறது. பத்தில் ஒரு பங்கு அளவில் மறுபடி போட்டிருக்கிறேன்.

சட்டைக் கை ஊதாவாகிவிட்டது, வீட்டில் அர்ச்சனை தனி. அப்பாவுக்குக் குழாயை எப்போது எடுக்கிறார்கள் என்று எழுது.

உன்
பழைய அறைத்தோழன்