மஞ்சிட்டி வேறு, சாயவேர் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

இயற்கைச் சாயங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். சாயக்கழிவு ஆறுகளைப் பாழாக்கும் இந்தக் காலத்தில் வேரையும் பட்டையையும் பற்றி எழுத ஆள் இருப்பதே மகிழ்ச்சி. ஆனால் மஞ்சள் என்ற சொல்லிலிருந்துதான் மஞ்சிட்டி என்ற சாயக்கொடியின் பெயர் வந்தது என்று எழுதியிருப்பதை அப்படியே விட மனம் வரவில்லை.

மஞ்சிட்டி வேர் தருவது சிவப்பு. வடமொழியில் அதன் பெயர் மஞ்சிஷ்டா. 'மஞ்சு' என்றால் அழகு, பொலிவு. அதன் உச்சநிலை வடிவம்தான் மஞ்சிஷ்ட. மிகப் பளிச்சென்ற சிவப்பு என்று அகராதிகள் பொருள் தருகின்றன. இஷ்டம் இட்டமும் நஷ்டம் நட்டமும் ஆன அதே வழியில் மஞ்சிஷ்டா தமிழில் மஞ்சிட்டி ஆனது. இந்தியில் அது மஜீட். ஆங்கிலேய வணிகர்கள் மஞ்சீட் என்று எழுதினார்கள். வேரிலுள்ள சாயப்பொருள் ஒன்றுக்கு வேதியியலில் மஞ்சிஸ்டின் என்றே பெயர்.

அப்புறம், சாயவேரும் மஞ்சிட்டியும் ஒன்று என்ற வரி. இம்பூறல் என்று நாட்டு மருந்துக்கடையில் கேட்டால் தருகிறார்களே, அதுதான் சாயவேர்ச் செடி. கடற்கரை மணலில் படரும் சிறு பூண்டு. சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளுக்கு நிறம் தந்தது அதன் வேர்தான். ஆங்கிலத்தில் அந்தச் சாயத்துக்கு வழங்கும் 'சே' என்ற பெயரே நம் சாயவேரிலிருந்து போனது. இதையல்லவா கட்டுரை பெருமையோடு சொல்லியிருக்க வேண்டும்!

மஞ்சிட்டியோ மலைக்கொடி. எங்கள் தாண்டிக்குடிப் பக்கம் சோலை ஓரத்திலும் காப்பித் தோட்ட வேலியிலும் ஏறிக் கிடக்கும். நான்கு பட்டைத் தண்டு, கணுவுக்கு நான்கு இலை, உரசினால் சேலையைப் பற்றிக்கொள்ளும் சிறு முட்கள். ஒருமுறை பார்த்தவர் இம்பூறலோடு குழப்பிக்கொள்ள மாட்டார். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பது உண்மைதான். லத்தீனில் சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து மஞ்சிட்டி இனத்துக்கு 'ரூபியா' என்று பேர் வைத்தார்கள். அதை ஒட்டியே குடும்பம் முழுவதும் 'ரூபியேசி' ஆயிற்று. எங்கள் காப்பிச் செடியும் அந்தக் குடும்பம்தான். அதற்காகக் காப்பியை மஞ்சிட்டி என்போமா?

சாயத்துக்காக இரண்டையுமே வேரோடுதான் பிடுங்குகிறார்கள். கட்டுரையை நம்பி யாராவது தவறான செடியைப் பறித்துவிடக் கூடாது. அடுத்த இதழிலேயே இரண்டின் படங்களோடும் திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
தாண்டிக்குடி, பழனி மலை