ஒரு கருவிக்கு இரண்டு டிரைவர்கள்: யார் முடிவு செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸில் ஒரே கருவிக்கு இரண்டு டிரைவர்கள் (கருவியை இயக்கும் நிரல்கள்) இருப்பது பயனருக்குக் கிடைத்த சுதந்திரம் என்று தங்கள் கணினிப் பக்கக் கட்டுரை பாராட்டியிருந்தது. எந்த டிரைவர் ஓட வேண்டும் என்று பயனரை யாரும் கேட்பதில்லை என்பதைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டுவிட்டார். பெரும்பாலும் எது முந்துகிறதோ அதுதான் ஓடும்.

ஒவ்வொரு டிரைவரும் தான் கையாளும் கருவிகளின் அடையாள எண்களைப் பட்டியலாக வைத்திருக்கும். டெப்மாட் கட்டளை அந்தப் பட்டியல்களைத் திரட்டி மாட்யூல்ஸ்.அலியாஸ் என்ற ஒரே கோப்பில் எழுதிவைக்கிறது. கருவியைச் செருகியதும் அந்தக் கோப்பைப் பார்த்து, எண் பொருந்துகிற மாட்யூல்கள் (லினக்ஸின் மையமான கெர்னலில் தேவைப்படும்போது ஏற்றக்கூடிய டிரைவர் கோப்புகள்) எல்லாமே ஏற்றப்படுகின்றன. எது முதலில் பதிவாகி, கருவியைச் சோதித்து ஏற்கும் அதன் புரோப் ஃபங்ஷனும் வெற்றி என்று திரும்புகிறதோ, கருவி அதன் கைக்குப் போய்விடும். பின்னால் வந்தது நினைவகத்தில் சும்மா கிடக்கும். இரண்டும் மாட்யூலாக இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால், கெர்னலைக் கட்டும்போது அவை இணைக்கப்பட்ட (லிங்க் ஆன) வரிசைதான் முடிவு செய்யும்.

கடைகளில் மலிவாகக் கிடைத்த ரியல்டெக் 8188சியூஎஸ் வைஃபை டாங்கிளையே பாருங்கள். அதன் யூஎஸ்பி எண் 0பிடிஏ:8176. இதற்கு ஆர்டிஎல்8192சியூ என்ற டிரைவர் ஏற்கெனவே இருந்தது. 2016 ஜனவரியில் வந்த 4.4 கெர்னலில் ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ என்ற இன்னொன்று சேர்ந்தது. புதியது சுத்தமாக எழுதப்பட்டது, கெர்னலின் பொது வைஃபை அடுக்கான மேக்80211-ஐ ஒழுங்காகப் பயன்படுத்தியது; ஆனால் அப்போது அதில் 40 மெகாஹெர்ட்ஸ் சேனலும் இல்லை, மின்சேமிப்பும் இல்லை. எந்த மாட்யூல் ஏற வேண்டும் என்பதை நீங்களேதான் கட்டுப்படுத்த வேண்டும் என்று அதன் கட்டமைப்புக் குறிப்பே சொல்லிவிட்டது. 8176 போன்ற பொது எண்களை 'சோதிக்கப்படாதவை' என்ற தனி விருப்பத்துக்குக் கீழே ஒதுக்கியும் வைத்தார்கள். லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் டிஸ்ட்ரோக்கள் பல அந்த விருப்பத்தையும் போட்டுக் கட்டின. வேலி போட்டும் பயனில்லாமல் போனது அங்கேதான்.

உங்கள் கணினியில் இந்த மோதல் உண்டா என்று பார்ப்பது எளிது. பிசிஐ அட்டைகளுக்கு 'எல்எஸ்பிசிஐ -கே' கொடுங்கள். 'பயன்பாட்டிலுள்ள டிரைவர்' என்ற வரியில் ஒரு பெயரும் அதன் கீழே 'மாட்யூல்கள்' வரியில் இரண்டு பெயர்களும் வந்தால் போட்டி இருக்கிறது. யூஎஸ்பி கருவியை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதை 'எல்எஸ்யூஎஸ்பி -டி' காட்டும். வேண்டாததை மோட்புரோப்.டி கோப்புறையில் ஒரு கோப்பு எழுதி பிளாக்லிஸ்ட் செய்யலாம் (தடைப்பட்டியலில் போடலாம்). பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கோப்பின் பெயர் '.கான்ஃப்' என்று முடியாவிட்டால் அதை யாரும் படிக்க மாட்டார்கள். பிளாக்லிஸ்ட் வரி தானாக ஏறுவதை மட்டுமே தடுக்கும். வேறொரு மாட்யூல் அதைச் சார்ந்திருந்தால் அந்த வழியாக உள்ளே வந்துவிடும். பூட்டின் தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத்தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் பழைய பிரதி இருந்தால் மாற்றம் பூட்டில் எடுபடாது. அதைப் புதுப்பித்தாக வேண்டும். கெர்னலுக்குள்ளேயே கட்டிய டிரைவரிடம் இந்த வரி செல்லவே செல்லாது.

கெர்னலின் மூலநிரல் மரத்துக்கு வெளியே இருக்கும் டிரைவரோடு மோதினால் இன்னும் மோசம். ரியல்டெக்கின் கிகாபிட் ஈதர்நெட்டுக்கு கெர்னலுக்குள் ஆர்8169 இருக்கிறது. நிறுவனம் தனியாகத் தருவது ஆர்8168. டெபியனில் பின்னதை டிகேஎம்எஸ் பொதியாக (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரை மறுபடி கட்டும் ஏற்பாடு) நிறுவினால் ஆர்8169 பிளாக்லிஸ்டில் போய்விடும். பிறகு ஒருநாள் கெர்னல் புதுப்பிக்கப்படும். ஹெடர் கோப்புகள் இல்லாமலோ கெர்னலின் உள் ஏபிஐ (நிரல் இடைமுகம்) மாறியதாலோ ஆர்8168 கம்பைல் ஆகாது. ஒன்று தடுக்கப்பட்டது, மற்றது கட்டப்படவில்லை. நெட் இல்லை, சரிசெய்யும் பொதியை இறக்கவும் நெட் இல்லை! பிளாக்லிஸ்ட் கோப்பை நீக்கி ஆர்8169-ஐ மோட்புரோப் கட்டளையால் ஏற்றினால் மீண்டுவிடலாம். கெர்னலைப் புதுப்பித்ததும், மறுதொடக்கம் செய்யும் முன், 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' பார்ப்பது அதைவிட மலிவு.

இரண்டு டிரைவர்கள் சில காலம் கூடவே இருக்க வேண்டிய கட்டாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தேர்வைப் புரோப்புக்குள்ளேயே வைக்க வேண்டும். ஏஎம்டியின் எச்டி 7970 போன்ற முதல் தலைமுறை ஜிசிஎன் கிராஃபிக்ஸ் அட்டைகளை ரேடியான், ஏஎம்டிஜிபியூ என்ற டிரைவர்கள் இரண்டுமே ஓட்டும். ரேடியானுக்கு 'எஸ்ஐ_சப்போர்ட்=0' என்று சொன்னால் அது அட்டையைத் தொடாமல் ஒதுங்கிக்கொள்ளும்; ஏஎம்டிஜிபியூவுக்கு அதே அளவுருவை 1 ஆக்கினால் அது எடுத்துக்கொள்ளும். இன்டெல் இன்னும் நேர்த்தி. 2024-இல் 6.8 கெர்னலில் எக்ஸ்இ என்ற புது கிராஃபிக்ஸ் டிரைவர் வந்தபோது, பழைய சிப்புகள் இயல்பாகப் பழைய டிரைவரான ஐ915-இடமே இருந்தன. ஆர்க் ஏ770 அட்டையை (அதன் எண் 56ஏ0) எக்ஸ்இக்கு மாற்ற, ஐ915-இன் ஃபோர்ஸ்_புரோப் அளவுருவில் '!56ஏ0' என்றும், எக்ஸ்இயின் அதே அளவுருவில் '56ஏ0' என்றும் எழுதினால் போதும். ஆச்சரியக்குறி 'நீ தொடாதே' என்கிறது. பந்தயத்துக்கு இடமே இல்லை.

எண்களை ஒரேயடியாக மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. 2.6.24 கெர்னலில் இன்டெல் நெட்வொர்க் அட்டைகளுக்கான இ1000இ டிரைவர் வந்தபின் பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டைகளின் எண்கள் இ1000-இலிருந்து அதற்குப் போயின. இரு பட்டியலிலும் ஒரே எண் கூடாது என்ற கொள்கை சரியானதே. ஆனால் பழைய கட்டமைப்புக் கோப்பை வைத்துக் கெர்னலைக் கட்டியவர்களிடம் புது டிரைவர் அணைந்தே இருந்தது. அவர்களின் நெட்வொர்க் காணாமல் போயிற்று. பழைய விருப்பம் 'ஆம்' என்றிருந்தால் புதியதும் 'ஆம்' என்று இயல்பாக வரும்படி ஒரு வரி, கெர்னலின் கட்டமைப்பு விருப்பங்களை வரையறுக்கும் கேகான்ஃபிக்கில் போட்டிருக்கலாம்.

பழையதை எப்போது தூக்குவது? புதிய ஒலி அமைப்பான ஆல்சா 2003 இறுதியில் 2.6 கெர்னலோடு பரவலானது. அதற்கு முந்தைய ஓஎஸ்எஸ் ஒலி டிரைவர்களின் மிச்சத்தில் பெரும்பகுதி 4.15-இல்தான் அகன்றது. வட்டுகளுக்கான பழைய ஐடிஇ அடுக்கு 2021-இல் 5.14 வரை உயிரோடு இருந்தது. எச்டிஏ என்ற வட்டுப் பெயர் எஸ்டிஏ ஆனதில் பூட்டில் ஏற்றும் வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் பெயரை நேரடியாக எழுதியிருந்தவர்களுக்குப் பூட் நின்றது; யூயூஐடி என்ற மாறாத அடையாளத்தை எழுதியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாமதத்தைச் சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன். மாறாக, இன்னும் தரம் தேறாத டிரைவர்களை வைக்கும் ஸ்டேஜிங் பகுதியில் 8188இயூ வைஃபை சிப்புக்கு 2013-இல் ஒரு டிரைவர், 2021-இல் அதற்குப் பதில் இன்னொன்று, 2023-இல் அதுவும் நீக்கம். அந்த இரண்டையும் துப்புரவு செய்த உழைப்பை முதலிலேயே ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூவில் போட்டிருந்தால் சிப் எப்போதோ தேறியிருக்கும்.

ஆகவே புது டிரைவரின் பேட்ச்சை (நிரல் திருத்தத்தை) ஏற்கும் பராமரிப்பாளர்கள், பழைய பட்டியலிலிருந்து அந்த எண்ணை எடுக்கும் பேட்ச்சையும் அதே தொடரில் கேட்க வேண்டும். எடுக்க முடியாவிட்டால் ஃபோர்ஸ்_புரோப் போன்ற ஒரு சுவிட்சைக் கேட்க வேண்டும். டிஸ்ட்ரோ கட்டுபவர்கள், கெர்னல் பொதியை வெளியிடும் முன் மாட்யூல்ஸ்.அலியாஸ் கோப்பில் ஒரே எண் இரண்டு மாட்யூல்களுக்கு எதிரே வருகிறதா என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓட்டிப் பார்க்கலாம். பத்து வரிக்கு மேல் போகாது.

இப்படிக்கு,
வாசகர், கோவை