கதவு திறந்திருந்ததே, அப்பா

சேலம்,
செவ்வாய்க்கிழமை இரவு.

அன்புள்ள மகளுக்கு,

உன் தோழி சிக்கிய கார் விபத்தைப் பற்றி ஞாயிறு இரவு நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "கதவு திறந்திருந்ததே அப்பா, கையைப் பிடித்து இறக்கியிருக்கலாமே, நாற்பது நிமிடம் அவளை வலியோடு உட்கார வைத்துக்கொண்டு கூரையை ஏன் அறுத்தார்கள்?" என்று அழுதாய். புனேயில் இருந்தபடி யாரோ அனுப்பிய காணொளியை மட்டும் பார்த்த உனக்கு அது அலட்சியமாகத் தெரிந்ததில் வியப்பில்லை. நேற்று தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய், அன்று பணியில் இருந்தவர்களிடம் நடந்ததைக் கேட்டறிந்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், மழையில் சறுக்கிய கார் தடுப்புச் சுவரை இடித்து, ஒரு முன்சக்கரம் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி நின்றிருக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது உண்மைதான். ஆனால் உன் தோழி முதலில் சொன்னது, "கழுத்து வலிக்கிறது, வலது கை மரத்துவிட்டது" என்பது. இந்த இரண்டையும் ஒன்றாகக் கேட்ட தீயணைப்பாளருக்கு அந்தக் கதவு ஒரு வழியாகவே தெரியாது. இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்திருப்பவரைப் பக்கவாட்டுக் கதவு வழியாக எடுக்க வேண்டுமானால், இடுப்பைத் திருப்ப வேண்டும், தலையைக் குனிய வைக்க வேண்டும், தோளைப் பிடித்து இழுக்க வேண்டும். கழுத்தில் உள்ள 7 எலும்புகளில் ஒன்று முறிந்திருந்தால், அந்தத் திருப்பத்திலேயே முறிந்த துண்டு நகர்ந்து, ஏறக்குறைய சுண்டுவிரல் பருமனே உள்ள தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். கழுத்தின் மேற்பகுதியில் அது நேர்ந்தால் கை கால் மட்டுமல்ல, மூச்சும் நின்றுபோகலாம். மூச்சுத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

அவளோடு வந்த பையனை மட்டும் ஏன் நடக்க விட்டார்கள் என்றும் கேட்டாய். அவனுக்குத் தெளிவான நினைவு இருந்தது, கழுத்திலோ முதுகிலோ வலி இல்லை, கை கால்கள் இயல்பாக இயங்கின. அப்படிப்பட்டவர் தாமாக இறங்கும்போது, பிறர் தூக்கி இறக்குவதைவிட முதுகெலும்பு குறைவாகவே அசைகிறது என்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் தீயணைப்புப் பணியில் இருந்த காலத்தில் எல்லோரையும் ஒரே மாதிரி தூக்கினோம்.

முதல் பத்து நிமிடம் காரைத் தொடாமல் நின்றதாக நீ சொன்னாய். அந்த நேரத்தில் அவர்கள் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே மரக்கட்டைகளை அடுக்கி, பின்புறத்தைக் கயிற்றால் ஒரு சில்வர் ஓக் மரத்தோடு பிணைத்திருக்கிறார்கள். கார் ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும் பொருள். ஒருவர் அதன்மேல் சாய்ந்தாலும் அது ஆடும், அந்த ஆட்டம் நேராக அவள் கழுத்துக்குப் போகும். பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றினார்கள், ஏனெனில் விரியாமல் மிச்சமிருக்கும் காற்றுப்பை மீட்பவரின் முகத்திலேயே வெடித்து விரியக்கூடும்.

கார் அசையாது என்று உறுதியானதும் ஓர் இளைஞர் பின்கதவு வழியாக உள்ளே போய், அவள் இருக்கைக்குப் பின்னால் மண்டியிட்டு, இரு உள்ளங்கைகளாலும் அவள் தலையைக் காதோரமாகப் பிடித்துக்கொண்டார். கழுத்துக்குக் காலர் போட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. காலர் மட்டும் கழுத்தை முழுமையாக அசையாமல் நிறுத்திவிடாது. "தலையாட்டாதீர்கள், எதுவானாலும் வாயால் சொல்லுங்கள்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். வெளியே எந்தச் சத்தம் வரப்போகிறது என்பதை ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார், ஏனெனில் திடுக்கிட்டால் கழுத்து தானாகத் திரும்பிவிடும்.

கண்ணாடிச் சிதறல் படாமல் இருவர் மேலும் போர்வை போர்த்திய பிறகுதான் வெட்டத் தொடங்கினார்கள். அதற்கும் முன்னால், கூரையைத் தாங்கும் தூண்களின் உள்ளுறையைப் பிய்த்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கவாட்டுக் காற்றுப்பையின் வாயுக் குப்பி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கட்டரை வைக்கக் கூடாது. ஹைட்ராலிக் கட்டர் தூணைக் கத்தரிக்கோல் போல நறுக்கும். சுழலும் ரம்பம் போலத் தீப்பொறி பறக்காது என்பதால், பெட்ரோல் கசிந்திருக்கும் இடத்தில் அதற்கு ஈடு இல்லை. கூரையை நான்கு பேர் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். இருக்கையின் சாய்மானத்தை அங்குலம் அங்குலமாகத் தாழ்த்தி, முதுகுக்குப் பின்னால் நீண்ட பலகையைச் செருகி, தலையைப் பிடித்தவர் எண்ணிக்கை சொல்லச் சொல்ல, அவள் உட்கார்ந்திருந்த அதே நேர்கோட்டில் மேல்நோக்கி நகர்த்தி எடுத்தார்கள். கூரையை அறுத்தது இந்த நேர்கோட்டுக்காகத்தான், கண்ணு. கார் தீப்பற்றியிருந்தாலோ, அவள் மூச்சு நின்றிருந்தாலோ, இதில் எதையும் பார்க்காமல் அரை நிமிடத்தில் கதவு வழியாகவே இழுத்திருப்பார்கள். மூச்சும் நாடியும் சீராக இருந்ததால்தான் அந்த நாற்பது நிமிடத்தை அவளுக்காகச் செலவிட முடிந்தது.

உன் அம்மாவிடம்கூட இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் எங்களிடம் கடப்பாரையும் இரும்பு ரம்பமும் கயிறும்தான் இருந்தன. ஒரு விடியற்காலையில், புளியமரத்தில் மோதிய அம்பாசடர் காருக்குள் ஒருவர் சிக்கியிருந்தார். "சீக்கிரம் எடுங்கள்" என்று கூட்டம் கத்தியது. கதவை நெம்பித் திறந்து, அக்குளில் கைகொடுத்து நானும் இன்னொருவரும் அவரை இழுத்தோம். இழுப்பதற்கு முன்னால் செருப்பில்லாத அவருடைய கால்விரல்கள் அசைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். தரையில் கிடத்தியபோது, "என் கால் எங்கே?" என்று கேட்டார். மக்கள் கைதட்டினார்கள். உள்ளே ஏற்பட்ட வீக்கத்தாலும் கால் அப்படி உணர்விழந்திருக்கலாம் என்று பின்னர் ஒரு மருத்துவர் ஆறுதல் சொன்னார். ஆனால் அந்த விரல்கள் என் கண்ணைவிட்டு இன்றுவரை போகவில்லை. ஞாயிறன்று நீ "கைபிடித்து எடுத்திருக்கலாமே" என்றபோது நான் பேச்சிழந்து நின்றது இதனால்தான்.

இன்று மாலை மருத்துவமனையில் அவளைப் பார்த்தேன். 108 ஓட்டுநர் வளைவுகளில் நடை வேகத்தில் வண்டியை இறக்கினாராம். கழுத்தின் 6-ஆம் எலும்பில் முறிவு; தண்டுவடம் தப்பியிருக்கிறது. வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. போர்வையை விலக்கி இரு கால்விரல்களையும் அசைத்துக் காட்டினாள். நான் சற்று நேரம் வராந்தாவுக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

தலையைப் பிடித்திருந்தவரின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவர் பின்னால் இருந்தார். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குரல் மட்டும்தான். அவரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறாள். நிலையத்தில் விசாரித்தேன், சனிக்கிழமை பகல் அவருக்குப் பணி இல்லை, மருத்துவமனைக்கு வருவதாகச் சொன்னார். நீ வெள்ளி இரவே புறப்பட்டு வந்துவிடு. காலையில் நாம் ஒன்றாகப் போவோம்.

அன்புடன்,
அப்பா