தட்டில் கொஞ்சம் ஆற்றுமணல்

மானாமதுரை
ஞாயிறு இரவு

அன்புள்ள மல்லிகா,

நலம். நீயும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லையே என்று மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. உன் மகளுக்குப் பிள்ளை பிறந்ததை நம் தையல் டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்கு உன்னோடு தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அது நேரில். இப்போது வேறு விஷயம்.

போன செவ்வாய்க்கிழமை, என் அங்கன்வாடியில் படிக்கும் ஒரு பையனின் அம்மா வந்து நின்றாள். மூன்றரை வயசுப் பொடியன். தாத்தா பானை வனைகிறவர். நம் கண்மாய்க் கரையில் சூளை வைத்திருக்கிறாரே, அவர்தான். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். இங்க தண்ணி ஊத்துறதும் மண்ணு பிசையறதும்தான் நடக்குது. எதிர்வீட்டுப் பிள்ளை நோட்டு நோட்டா ஏபிசிடி எழுதித் தள்ளுது. இவனுக்கு ஒரு நோட்டுகூட இல்ல" என்றாள். மறுநாள் பையனை இங்கிலீஷ் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டாள்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, மல்லிகா. கட்டடத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போய்வந்து, பிள்ளை படிக்கட்டும் என்று மாதாமாதம் பணம் எடுத்து வைக்கிறவள். ஆனால் அந்தப் பையன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாமல் நின்றேனே, அதுதான் தாங்கவில்லை.

ஒரு தட்டு, ஒரு சின்னச் செம்பு, இரண்டு எவர்சில்வர் டம்ளர். இவ்வளவுதான். முதல் நாள் ஊற்றியது முழுக்கத் தரையில். துணியை எடுத்துத் தானே துடைத்தான். பிறகு பாதி உள்ளே, பாதி வெளியே. இரண்டாவது வாரம் பார்க்கவேண்டுமே! இடது கை செம்புக்கு அடியில் வந்துவிட்டது. நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். டம்ளர் நிறைய ஒரு விரல்கடை இருக்கும்போது மணிக்கட்டைத் திருப்பி நிறுத்துவான். செம்பின் மூக்கில் கடைசிச் சொட்டு தொங்கும். அது விழுகிறவரை காத்திருந்து, அப்புறம்தான் கீழே வைப்பான். பக்கத்தில் பிள்ளைகள் கத்தினாலும் திரும்ப மாட்டான். நாளைக்குப் பென்சிலைப் பிடித்து எங்கே அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்று அறியப் போவது அந்த மணிக்கட்டுதானே!

பயிற்சியில் நமக்கு எக்ஸ்ரே படம் காட்டினார்களே, நினைவிருக்கிறதா? மணிக்கட்டில் இருக்கவேண்டிய 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் கெட்டிப்படும். கடைசி எலும்பு வந்து சேர ஒன்பது, பத்து வயசுக்குமேல்கூட ஆகும். அந்தப் பிஞ்சுக் கையில் நாலுகோடு நோட்டைத் திணித்து, பக்கம் பக்கமாக ஒரே எழுத்தை எழுதச் சொன்னால் எப்படி? வலிக்கிறது என்று சொல்லக்கூட அதுகளுக்குத் தெரியாது. 'எழுத வரமாட்டேங்குது' என்று பேர் வாங்கிவிடும். முதல் வகுப்பு எடுக்கிறவள் நீ, அப்படிப் பேர் வாங்கி வருகிற பிள்ளைகளை நீ பார்க்காததா?

வெள்ளிக்கிழமை அம்மாக்களை வரச்சொன்னேன். பதினோரு பேர் வந்தார்கள். இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் முறைதானே என்று ஒருத்தி கேட்டாள். இந்த முறையை உருவாக்கிய இத்தாலிக்கார அம்மா மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததையும், பிறகு கொடைக்கானலில் தங்கியதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அப்போதுதான் சட்டென்று தோன்றியது. "விஜயதசமி அன்னைக்குப் பிள்ளையை மடியில வச்சு எதுல எழுத வச்சீங்க?" என்று கேட்டேன். "அரிசியில." "எதால?" "விரலப் பிடிச்சு." "ஏன், பென்சில் குடுக்கலயா?" ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம் மூலையில் இருந்த பாட்டி, "எங்க அப்பாவெல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்லதான எழுதிப் படிச்சாக" என்றார். அந்தப் பாட்டியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

உடனே மணல் தட்டை எடுத்து வைத்தேன். வைகை மணல்தான், சலித்துக் கழுவிக் காயவைத்தது. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளையும் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொன்னேன். ட, ப இரண்டும் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. ஞ-வில் மாட்டிக்கொண்டார்கள். ஒருத்தி இரண்டு தடவை தடவிவிட்டு, "விரலுக்குத் தெரியுது டீச்சர், வாய்க்கு வரல" என்று சிரித்தாள். (நான் எப்போதும் ட, ப, ம-வில்தான் தொடங்குகிறேன். பெரும்பாலும் நேர்க்கோடு. அ-வின் சுழி பிஞ்சு விரலுக்குக் கஷ்டம். நீ என்ன சொல்கிறாய்?)

வேனில் ஏற்றிவிட்டவளும் வந்திருந்தாள், கைக்குழந்தையோடு. வாசலோரம் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. போகும்போது மட்டும், "மணல எத்தன தடவ கழுவணும்?" என்று கேட்டாள். சொன்னேன்.

ஒன்று உன்னிடம் சொல்லியாக வேண்டும். போன மாதம், தானியம் பிரிக்கும் தட்டில் இருந்து இரண்டு வயசுப் பெண் ஒருத்தி கொண்டைக்கடலையை மூக்கில் போட்டுக்கொண்டாள். ஈரம் பட்டால் ஊதிவிடுமே. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் ஓடினோம். நர்ஸம்மா எடுத்துவிட்டார், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ராத்திரியெல்லாம் கை நடுங்கியது. பெரிய பிள்ளைகளின் தட்டு கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது, என் தப்புத்தான். இப்போது சின்னதுகளுக்குக் கொட்டாங்குச்சி, உருண்டைக் கல், டப்பா மூடி மட்டும். பயறும் புளியங்கொட்டையும் மேல் அலமாரியில். நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இறங்கும். நீயும் பேத்திக்கு விளையாடக் கொடுக்கும்போது பார்த்துக் கொடு.

சனிக்கிழமை காலையில் தாத்தா வந்தார். மிதித்துப் பதமாக்கிய களிமண், ஒரு பெரிய உருண்டை, ஈரச்சாக்கில் சுற்றி. "பேரன் வேன்ல போறான். மண்ணு மத்த பிள்ளைகளுக்கு ஆகட்டும்" என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு வாயே எழவில்லை.

இனி உனக்கு வேலை. பயிற்சியில் நாம் அடுக்கினோமே, பத்துக் கட்டைக் கோபுரம். உன் தம்பி பட்டறையில் எனக்கு ஒரு செட் செய்து தரச்சொல். முதல் கட்டை எல்லாப் பக்கமும் 1 செ.மீ., அடுத்தது 2 செ.மீ., இப்படியே 10 செ.மீ. வரை. அளவு பிசகக்கூடாது. பெரிய கட்டைக்குள் சின்னக் கட்டை ஆயிரம் அடங்குகிற கணக்கு அதில் இருக்கிறது. தேக்கு வேண்டாம், வேம்பு போதும். ஓரங்களை உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்க்கச் சொல். அளவை நீ எடுக்காதே, தம்பியே எடுக்கட்டும். யானை செய்யச் சொன்னால் எருமை செய்தவள் நீ! செலவு எவ்வளவு என்று எழுது. சின்னக் கட்டை மட்டும் நாலைந்து கூடுதலாக வேண்டும், தொலைத்துவிடுவார்கள்.

வேன் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறது. வியாழக்கிழமை அவன் ஜன்னலில் இருந்து கையாட்டினான். நானும் ஆட்டினேன்.

அன்புடன்,
சரோஜா