பாணமையில் ஒரு நாள் தங்க வழி செய்யுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கதிர்காம ஆடிவேல் விழா நெருங்கும்போதெல்லாம் பாதயாத்திரை பற்றிய செய்திகள் தங்கள் பத்திரிகையில் வெளிவருகின்றன. உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குக் காட்டினூடே செல்லும் பாதை திறக்கப்படும் நாளையும், முதல் நாளில் உள்ளே சென்ற அடியவர்களின் தொகையையும், குமுக்கன் ஆற்று மணலில் அவர்கள் அமர்ந்திருக்கும் படத்தையும் நான் தவறாமல் பார்க்கிறேன். அந்தப் பாதைக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னர், கிழக்குக் கரையோரத்திலுள்ள பாணமையிலும் உகந்தை முருகன் கோயிலிலும் இளைப்பாறிச் சாமான் வாங்கிக் கட்டும் இரண்டொரு நாட்களைப் பற்றி எவரும் எழுதி நான் வாசித்ததில்லை. ஒன்பது தடவை மட்டக்களப்பிலிருந்து இவ்வழியே நடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் கூட்டத்தினர் வற்றாப்பளை, வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் எனக் கோயில் கோயிலாகத் தங்கி, ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடக்கிறார்கள். பொத்துவில் வரையில் மூட்டையில் அரிசி வேண்டியதில்லை. அந்தி சாயும் நேரத்தில் ஏதாவதொரு கோயில் வாசலில் அன்னதானம் இருக்கும், வழியில் ஒரு வீட்டுக்காரர் மோரோ தேநீரோ கொண்டுவந்து நீட்டுவார். உகந்தையைத் தாண்டினால் இவை எதுவும் கிடையாது. வாகூரவெட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நாங்கள் சொல்லும் தங்குமிடங்களில் ஊரும் இல்லை, கடையும் இல்லை. சில இடங்களில் இராணுவத்தினரும் தொண்டர்களும் தண்ணீர்த் தாங்கி வைக்கிறார்கள் என்பது உண்மைதான், அதற்கு நாங்கள் நன்றியுள்ளவர்கள். ஆயினும் ஏறக்குறைய ஐந்து நாட்களுக்கு உண்பதும் உடுப்பதும் காய்ச்சலுக்கு விழுங்குவதும் தோளில் இருந்தாக வேண்டும். அவற்றை வாங்கக்கூடிய கடைசி ஊர் பாணமை.

பாணமை சிறிய ஊர். சிங்களவரும் தமிழரும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்வதால் அங்குள்ள பலர் இரு மொழியும் பேசுவார்கள். பத்தினி என்று அவர்களும் கண்ணகி என்று நாங்களும் வணங்குவது ஒரே தெய்வத்தைத்தான். கடையில் இருக்கும் சிங்கள அம்மா எங்களைச் "சாமி" என்றே அழைப்பார். கடலைமா, அவல், பருப்பு, பனங்கட்டி, தேசிக்காய், மல்லி, உப்பு, மெழுகுதிரி, தீப்பெட்டி, காலுக்குப் பூச ஒரு சித்தாலேப, இவ்வளவையும் ஒரே இடத்தில் வாங்கிவிடலாம். வேலேந்தி எங்கள் கூட்டத்தை நடத்திச் செல்லும் வேல்சாமி எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. தலைக்கு நான்கு கிலோவுக்கு மேல் உலர் உணவு எடுக்க அவர் விடமாட்டார், ஆனால் ஐந்து லீற்றருக்குக் குறைந்த தண்ணீர்ப் போத்தலோடு வருபவரைத் திருப்பி அனுப்புவார். வாங்கியவற்றை மர நிழலில் கொட்டி, கடதாசிப் பெட்டிகளையும் பொலித்தீன் உறைகளையும் அங்கேயே களைந்து, சீலைப்பைகளில் மாற்றிக் கட்டுவோம். இந்த ஒரு வேலைக்கே அரைநாள் போய்விடும்.

மற்ற அரைநாள் கால்களுக்குரியது. பத்து நாளளவில் தார் வீதியில் நடந்த பாதங்களின் கொப்புளங்கள் உப்புத் தண்ணீரில் கழுவி, காற்றுப்படக் காய்ந்தால்தான் ஆறும். பாணமைக்கும் உகந்தைக்கும் இடையே சுமார் பதினாறு கிலோமீட்டர் நிழல் குறைந்த கிரவல் பாதை இருக்கிறது. ஆறாத காலோடு அதில் இறங்கியவர் உகந்தைக்கு வரும்போது காட்டுக்குப் போகத் தகுதியற்றவராகிவிடுகிறார். ஒரு வருடம் எங்களோடு வந்த இளைஞர் ஒருவர் புதுச் சப்பாத்தினால் உண்டான புண்ணை எவருக்கும் சொல்லாமல் நடந்து, காட்டுக்குள் இரண்டாம் நாள் காய்ச்சல் கண்டு, உழவு இயந்திரத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார். பாணமையில் ஒரு பகல் காலை நீட்டியிருக்க அவருக்கு இடம் கிடைத்திருந்தால் அந்தப் புண்ணை நாங்கள் கண்டிருப்போம். அன்று அங்கே எல்லோரும் ஒதுங்க நிழல் போதவில்லை. இருந்த ஒரேயொரு மலசலகூடத்தின் முன் நீண்ட வரிசை. ஆகையால் கூட்டம் நிற்காமல் நடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வருந்துகிறது.

உகந்தையில் நிலைமை வேறு. அங்கே குன்றின் மேல் வள்ளியம்மனும் கீழே முருகனும் இருக்க, பாறைச் சுனைகளில் தண்ணீர் நிற்கும். முருகன் கல்லோடத்தில் வந்து கரையிறங்கிய இடம் என்ற நம்பிக்கையோடு வரும் அடியவர்கள் கடல் நீராடிக் காப்புக் கட்டிக்கொண்டு பாதை திறக்கும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். அன்னதானத்துக்குக் குறைவில்லை. ஒரே வேளையில் மூன்று இடங்களில் சோறு கொடுப்பதையும், மிஞ்சியது மணலில் கொட்டப்படுவதையும் கண்டிருக்கிறேன். கொடையாளர்கள் மனம் நோகக் கூடாது, எனினும் அவர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது: சமைத்த சோற்றின் ஒரு பகுதியை அவலாகவும் கடலைமாவாகவும் சீலைப்பையில் கட்டித் தந்தால், அது வியாழையில் ஒரு வயிற்றுக்கு உதவும்.

காத்திருக்கும் நாட்களைப் பற்றி ஒரு முறைப்பாடும் உண்டு. ஒரு வருடம் பாதை திறக்கும் நாள் முதலில் ஒன்றாகவும் பின்னர் வேறாகவும் அறிவிக்கப்பட்டதால், நாங்கள் உகந்தையில் மேலும் நான்கு இரவுகள் தங்க நேர்ந்தது. பாணமையில் அளந்து வாங்கிய உலர் உணவில் பாதி அங்கேயே தீர்ந்தது. மீண்டும் வாங்கத் திரும்பிப் போனபோது பாணமைக் கடைகளிலும் சாமான் முடிந்திருந்தது. நாளை நம்பிக் கொள்முதல் செய்த கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. திறக்கும் நாள் ஒரு மாதத்துக்கு முன்னரே உறுதியாகத் தெரிந்தால், வடக்கிலிருந்து வருபவர்கள் தங்கள் நடையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வார்கள், கடைக்காரர்களும் வேண்டியதை இறக்கி வைப்பார்கள்.

அடியவர்களாகிய எங்களிலும் பிழை இருக்கிறது. பேருந்தில் உகந்தைக்கு வந்து இறங்கி மறுநாளே காட்டுக்குள் போகும் சிலர், வீட்டைப் பெயர்த்தெடுத்தது போன்ற மூட்டைகளோடு வருகிறார்கள். வாகூரவெட்டைக்கு அப்பால் பாதையோரத்தில் அரிசிப் பையும் துணியும் தகரப்பேணியும் கிடப்பது இதனால்தான். அவற்றோடு கிடக்கும் பொலித்தீனை மானும் யானையும் தின்கின்றன. உகந்தையில் ஓர் இரவாவது தங்கி, மூத்த சாமிமார் முன்னிலையில் மூட்டையைப் பிரித்துக் காட்டிவிட்டுப் போகும் வழக்கத்தை ஒவ்வொரு கூட்டமும் ஏற்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

பெரிய கட்டடம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. பாதை திறந்திருக்கும் காலத்திலும் அதற்கு முந்திய ஒரு வாரத்திலும் பாணமையில் கிடுகு வேய்ந்த இரண்டு கொட்டகைகள், தண்ணீர் பவுசர் ஒன்று, பெண்களுக்கெனத் தனியே நான்கைந்து மலசலகூடங்கள், கால் புண்ணுக்கு மருந்து கட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். கூட்டுறவுக் கடையொன்று உலர் உணவை வழமையான விலைக்கு அங்கே விற்குமானால், விலையேற்றத்துக்கு அஞ்சி மட்டக்களப்பிலிருந்தே பத்துக் கிலோவைச் சுமந்து வரும் வயோதிபப் பெண்களின் தோள் சற்று ஆறும். உள்ளூராட்சி அதிகாரிகளும் ஆலய நிர்வாகத்தினரும் பாணமை மக்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த யாத்திரைக்கு முன் ஒருமுறை கூடிப் பேசும்படி தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அக்கூட்டத்துக்கு எங்கள் வேல்சாமி அம்மாவையும் அழைத்தால், எந்த மரத்தடியில் கொட்டகை போட வேண்டும் என்பதை அவர் காட்டித் தருவார்.

இப்படிக்கு,
பாதயாத்திரை அடியவர் ஒருவர்,
மட்டக்களப்பு.