காத்திருக்கச் சொல்வது எளிது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 ஆசியக் கோப்பைக்கான இந்திய டி20 அணி பற்றிய உங்கள் கட்டுரையில், அதில் இடம் கிடைக்காத தமிழ்நாட்டு பேட்ஸ்மேன் சாய் சுதர்சனுக்கு வயது இருக்கிறது, காத்திருக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருக்கிறது. பல வருடமாக உங்கள் விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறேன். அப்படி ஒரு வரியை உங்களிடமிருந்து எதிர்பார்க்கவில்லை.

2025 ஐபிஎல்லில் 759 ரன் எடுத்து, அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி வாங்கியவர் சாய். ஸ்ட்ரைக் ரேட், அதாவது நூறு பந்துக்கு எடுக்கும் ரன், 156. அதே குஜராத் அணியில் அவரோடு இறங்கிய சுப்மன் கில் 650 ரன்; ஸ்ட்ரைக் ரேட் ஏறக்குறைய அதேதான். கில்லுக்கு அந்த அணியில் துணை கேப்டன் பதவி. சாய்க்கு ரிசர்வ் வீரர்கள் ஐந்து பேரில்கூட இடமில்லை. கில் மீது எனக்கு வருத்தம் இல்லை. இங்கிலாந்தில் அவர் எடுத்த 754 ரன் பெரிய விஷயம்தான். ஆனால் அது டெஸ்ட். இருபது ஓவர் அணிக்கு ஆள் எடுக்கும்போது இருபது ஓவர் ஆட்டத்தைத்தானே பார்க்க வேண்டும்? 604 ரன் எடுத்து, பஞ்சாபை இறுதிப்போட்டி வரை கொண்டுபோன ஷ்ரேயாஸ் ஐயருக்கும் இடமில்லை. அவர் மீதும் தப்பில்லை, எங்கள் மீதும் தப்பில்லை என்றார் தேர்வுக்குழுத் தலைவர் அகர்கர். இப்படிச் சொன்னால் ஷ்ரேயாஸ் இனி எதைத் திருத்திக்கொள்வார்?

அந்தத் தேர்வு வரை சாய் இந்தியாவுக்கு ஆடிய டி20 ஒன்றே ஒன்று, 2024 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹராரேயில். அன்று அவருக்கு பேட்டிங்கே வரவில்லை.

இப்படிக் காத்திருந்த தமிழ்நாட்டு வீரர்கள் கதை உங்களுக்குத் தெரியாததா? பத்ரிநாத் 2011இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 43 ரன் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். அதுவே இந்தியாவுக்காக அவருக்கு முதல் டி20, கடைசி டி20. சின்னப்பம்பட்டி நடராஜன் வலைப்பயிற்சிக்குப் பந்து வீச ஆஸ்திரேலியா போய், டெஸ்ட், ஒருநாள், டி20 என மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். அவருடைய இந்திய டி20 கணக்கு நான்கோடு நிற்கிறது. காயம் இருந்தது, சரி. 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தபோதும் கூப்பிடவில்லையே? வருண் சக்கரவர்த்தி 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம் விக்கெட் எடுக்கவில்லை என்று மூன்று வருடம் வெளியே உட்கார்ந்தார். திரும்பி வந்ததும் தென்னாப்பிரிக்காவில் ஒரே ஆட்டத்தில் 5 விக்கெட், அப்புறம் இங்கிலாந்துத் தொடரில் 14. நடுவில் போன வருடங்களை யார் திருப்பித் தருவது?

நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை பதினாறு வயதுக்குட்பட்டோர் தேர்வுக்கு எங்கள் பையன் ஒருவனை அழைத்துப் போனேன். காலை ஆறு மணிக்குப் போனவனுக்கு மத்தியானம் மூன்று மணிக்குத்தான் விரிப்பு ஆடுகளத்தில் பேட் பிடிக்க வாய்ப்பு வந்தது. இரவல் ஷூ, முன்பக்கம் துணி திணித்திருந்தான். முதல் பந்தை விட்டான், அடுத்த இரண்டையும் நேராக அடித்தான். நான்காவது பந்து வரவில்லை. நாற்காலியில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "வயசு இருக்குல்ல தம்பி, அடுத்த வருஷம் வா" என்றார். அடுத்த வருடம் அவன் வயது வரம்பைத் தாண்டிவிட்டான். அதற்குப் பிறகு அவன் பேட்டைத் தொடவில்லை. எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். இன்று உங்கள் பத்திரிகையும் அதையே சொன்னால் எனக்கு வலிக்காதா?

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாநில அணிகள் ஆடும் டி20 போட்டியான சையது முஷ்டாக் அலி கோப்பையைத் தமிழ்நாடு மூன்று முறை வென்றிருக்கிறது. 2021 இறுதிப்போட்டியில் கடைசிப் பந்தில் நம் தமிழ்நாட்டு வீரர் ஷாருக் கான் அடித்த சிக்ஸரை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் போட்டிகளுக்கு இப்போது உங்கள் பக்கத்தில் இரண்டு வரிதான் கிடைக்கிறது. வருகிற சீசனிலாவது முழு ஸ்கோர்போர்டு போடுங்கள். ரன்னுக்குப் பக்கத்தில் எத்தனை பந்து ஆடினார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
நாமக்கல் மாவட்டம்.