அந்த வேலைச் சட்டையைப் பற்றியும் கேளுங்கள்: மறதி நோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மறதி நோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

அம்மாவை உங்களைப் போன்ற ஒருவரிடம் முதன்முதலாக அழைத்துப்போய் மூன்று வருடம் ஆகிறது. கடிகாரம் வரையச் சொன்னார். வட்டம் நன்றாக வந்தது. எண்கள் எல்லாம் ஒரே பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார், ஒன்றுகூட வரவில்லை. தைராய்டு, பி12, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. சர்க்கரை உண்டா, எதுவரை படித்தார், தலையில் எப்போதாவது அடிபட்டதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று விசாரித்தார். எல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். "என்ன வேலை பார்த்தாங்க?" என்றும் கேட்டார். "வீட்டுலதான் இருந்தாங்க" என்றேன். 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்கும் அப்போது வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பாவின் சட்டை ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா ஒரு பேட்டரிப் பட்டறையில் காரீயத்தை (லெட் என்ற உலோகம்) உருக்கித் தட்டு வார்த்தவர். இருபத்தாறு வருடம். வேலை செய்த சட்டையோடுதான் வீட்டுக்கு வருவார். அம்மா அதை வாசலில் நின்று நாலு உதறு உதறி, ஊறவைத்து, கையால் கசக்கித் துவைப்பார். உதறும்போது சாம்பல் நிறத்தில் தூசி கிளம்பும். பட்டறைக்குள் அம்மா ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் பட்டறை தினமும் வீட்டுக்கு வந்துபோனது.

அம்மாவின் அல்சைமருக்கு அந்தத் தூசிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தனி ஒருவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. வயது இருக்கிறது, மரபணு இருக்கிறது, இன்னும் எத்தனையோ இருக்கின்றன. நான் கேட்பது சின்ன விஷயம். நச்சுப்பொருள்களோடு இந்த மனிதருக்கு வாழ்நாளில் என்ன பழக்கம் இருந்தது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு, அவருடைய கோப்பில் எழுதி வையுங்கள்.

காரீயத்தையே எடுத்துக்கொள்வோம். ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் போதும். எலும்புக்குள் போய்விட்டால் பல பத்தாண்டுகள் அங்கேயே குடியிருக்கும்; கால்சியத்துக்கும் காரீயத்துக்கும் எலும்பால் சரியாக வித்தியாசம் காண முடிவதில்லை. மாதவிடாய் நின்று எலும்பு தேயத் தொடங்கும்போது, உள்ளே பதுங்கியிருந்தது மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. இன்று எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை நாற்பது வருடக் கதையைச் சொல்லிவிடாது. வாயால் கேட்டால்தான் தெரியும்.

2008-இல் வெளியான ஓர் ஆய்வு என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. பிறந்து முதல் 400 நாட்கள் மட்டும் காரீயம் கொடுக்கப்பட்ட குரங்குகளின் மூளையை, அவற்றின் 23-ஆம் வயதில் பார்த்திருக்கிறார்கள். காரீயம் கொடுப்பது எப்போதோ நின்றுபோயிருந்தது. ஆனாலும் மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிவதில் அல்சைமரை ஒத்த மாற்றங்கள் தெரிந்தன. குரங்கு மனிதன் இல்லை, எண்ணிக்கையும் சிறியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரீயம் கலந்த பெட்ரோல் 1920-களில் விற்பனைக்கு வந்து, கடைசி நாடான அல்ஜீரியா அதை நிறுத்தியது 2021-இல்தான் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். உங்கள் வரவேற்பறையில் இன்று உட்கார்ந்திருக்கும் முதியவர்களில் குழந்தைப் பருவத்தில் அந்தப் புகையைச் சுவாசிக்காதவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா (மறதி நோய்) ஆணையம் 2020-லேயே காற்று மாசைத் தவிர்க்கக்கூடிய ஆபத்துக் காரணிகளில் சேர்த்துவிட்டது. 2024 அறிக்கையில் அப்படி 14 காரணிகள். எல்லாவற்றையும் சரிசெய்தால் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. 2016-இல் மெக்சிகோ நகரத்தையும் மான்செஸ்டரையும் சேர்ந்த 37 பேரின் மூளைத் திசுவில் மாக்னடைட் என்ற இரும்புத் தாதுவின் நுண்துகள்களைக் கண்டார்கள். உடம்பிலேயே உருவாகும் துகள் என்றால் படிகமாகக் கூர்மூலைகளோடு இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை உருண்டையாக, கடும் வெப்பத்தில் உருகி உறைந்தவை போல இருந்தன. மூக்கிலிருந்து நுகர்ச்சி நரம்பு வழியாக மூளைக்கு நேராக ஏறியிருக்கலாம் என்கிறார்கள். அல்சைமரில் மோப்பத் திறன் முன்கூட்டியே மங்குவதைப் பலர் கவனித்திருக்கிறீர்கள். அம்மாவுக்கும் அடுப்பில் பால் தீய்ந்த வாடை தெரியாமல் போனது பெயர்கள் மறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே. அதையும் யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

பூச்சிமருந்து விஷயத்திலும் இப்படித்தான். டிடிடி உடம்பில் சிதைந்து டிடிஇ ஆகிறது. 2014-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், அல்சைமர் உள்ளவர்களின் ரத்தத்தில் அது மற்றவர்களைவிடச் சராசரியாக 3.8 மடங்கு இருந்தது. அந்த நாட்டில் டிடிடி 1972-லேயே தடை செய்யப்பட்டது. டிடிஇ அதிகமாக இருந்தும் நினைவு தெளிவாக இருந்தவர்களும் அந்த ஆய்வில் உண்டு. ஏன் சிலரை மட்டும் தாக்குகிறது என்ற கேள்விக்கு, யார் எதைத் தொட்டார்கள் என்ற குறிப்பே இல்லாமல் எப்படி விடை தேடுவது?

இரண்டாம் சந்திப்பில் இதைப் பற்றி வாயெடுத்தபோது மருத்துவர் சிரித்துவிட்டார். "அலுமினியப் பாத்திரக் கதைதானே?" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிகிறது. 1960-களில் முயல்களின் மூளையில் அலுமினியத்தைச் செலுத்தியபோது நரம்பு செல்களுக்குள் நூல் சிக்கிக்கொண்டது போன்ற முடிச்சுகள் தோன்றின, அங்கிருந்து கிளம்பிய பயம் சமையலறை வரை வந்தது, பாத்திரம் அல்சைமரைக் கொண்டுவரும் என்பதோ நிரூபணமாகவில்லை. சரி. ஆனால் அந்தக் கதையின் இன்னொரு பாதியை ஏனோ யாரும் சொல்வதில்லை. 1970-களில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் சிலருக்குப் பேச்சு குழறியது, வலிப்பு வந்தது, புத்தி தடுமாறியது. சிறுநீரகம் கெட்டால் இப்படித்தான் என்று விட்டிருக்கலாம். இயந்திரத்துக்குப் போகும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். அலுமினியம் இருந்தது, நோயாளிகள் விழுங்கிய சில மருந்துகளிலும் இருந்தது. தண்ணீரைச் சுத்திகரித்து, அந்த மருந்துகளையும் குறைத்ததும் அந்த நோய் அரிதாகிவிட்டது. அது அல்சைமர் இல்லை, வேறு நோய். ஆனால் மூளை தடுமாறும்போது நச்சைப் பற்றி விசாரிப்பது வீண்வேலை என்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

நான் புதிதாக எதையும் கேட்டுவிடவில்லை. 1700-இல் பெர்னார்டினோ ரமஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்கப் பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸ் சொல்லிவைத்த கேள்விகளோடு 'என்ன தொழில் செய்கிறீர்?' என்பதையும் சேர்க்கச் சொன்னார். அதோடு இன்னொன்றையும் சேருங்கள் என்கிறேன்: வீட்டில் மற்றவர்கள் என்ன தொழில் செய்தார்கள், அந்தத் துணியை யார் துவைத்தார்கள்?

கேட்டால் சிகிச்சை மாறிவிடுமா என்பீர்கள். அம்மாவுக்கு இப்போது மாறாது, தெரியும். ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருக்கும் ஒருவருக்கு மாறலாம். 2022-இல் அமெரிக்காவில் 74 வயதைத் தாண்டிய பெண்களிடம் நடத்திய ஆய்வில், பத்து வருடத்தில் காற்று அதிகமாகச் சுத்தமான இடங்களில் டிமென்ஷியா ஆபத்து குறைவாக இருந்தது. அந்த வயதிலும்! அப்புறம், அதே தூசியில் விளையாடி வளர்ந்த நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம். எங்களைப் பற்றியும் யாராவது யோசித்தால் நல்லது.

நேரம் இல்லை என்பதும் உண்மைதான். ஐந்து நிமிடம் ஆகும். தள்ளிப்போட முடியாததற்குக் காரணம், மற்ற நோய்களில் நோயாளியிடம் நாளைக்கும் கேட்டுக்கொள்ளலாம், இதில் முடியாது. முதல் வருடம் கேட்டிருந்தால் அந்தப் பட்டறையின் பெயர், அப்பா எந்த வருடம் சேர்ந்தார், துவைத்த தண்ணீரை எங்கே ஊற்றினோம் என்று அம்மா மூச்சுவிடாமல் சொல்லியிருப்பார். இப்போது அப்பா என்று ஒருவர் இருந்ததே சில நாட்கள் ஞாபகம் இல்லை. கையில் துணி கிடைத்தால் மட்டும், மடிப்பதற்கு முன் நாலு உதறு உதறுகிறார்.

அடுத்த மாதம் மறுபடி வருகிறோம். காரீயம், வருடங்கள், துணி துவைத்தது, பால் தீய்ந்த வாடை என்று நினைவில் இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருகிறேன். அதைக் கோப்பில் சேர்த்து, 'இல்லத்தரசி' என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்